கோவில்பட்டி வாசகர்

அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தறீங்களா சார்? கோவிச்சுக்காதீங்க. மதுரை மாட்டுத்தாவணியில ஏறினதுல இருந்து பாக்கறேன், உங்க போன்ல ஒரு ஆள் தர்பூசணியை வெட்டிக்கிட்டே இருக்கான், நீங்களும் பாத்துக்கிட்டே இருக்கீங்க. எத்தனை தடவை வெட்டினாலும் உள்ள சிவப்பாத்தான் இருக்கப் போகுது.

இயர்போன் எல்லாம் தேட வேண்டாம். பேசிக்கிட்டே போகலாம். எங்க இறங்கறீங்க? கோவில்பட்டியா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். நமக்கு இன்னும் ஒண்ணேமுக்கால் மணி நேரம் இருக்கு.

என் பேரு சிதம்பரநாதன். சென்னையில நங்கநல்லூர். தொலைபேசி இலாகாவுல இருந்து ரிடையர் ஆகி ஆறு வருஷம். ரிடையர் ஆனவங்க போனை வச்சுக்கிட்டு என்ன பண்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். ரோஜாப்பூ படம் போட்டு காலை வணக்கம் சொல்வாங்க. வெந்நீர்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சா என்னென்ன வியாதி ஓடிப்போகும்னு அனுப்புவாங்க. நான் அந்தக் கூட்டத்துல சேரலை. எனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கே, அதை என்ன பண்றது?

அதனால ஒரு குரூப் ஆரம்பிச்சேன். 'ஞாயிறு ஏழு'ன்னு பேரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலையில சரியா ஆறு மணிக்கு ஏழு கட்டுரை. இன்டர்நெட்ல வர்ற நல்ல கட்டுரைகளோட லிங்க். ரெண்டு பொருளாதாரம், ரெண்டு விஞ்ஞானம், ரெண்டு மனசைப் பத்தினது. ஏழாவது ஒண்ணு எதுலயும் சேராதது, அதுக்கு நான் ஊறுகாய்னு பேரு வச்சிருந்தேன். ஒவ்வொண்ணுக்கும் கீழ ரெண்டு வரி நானே எழுதுவேன். 'சிந்தனையைத் தூண்டும்', 'அவசியம் படிக்க', இப்படி. இருநூத்திப் பதினாலு பேர் இருந்தாங்க சார் அந்த குரூப்புல. ஆபீஸ் ஆளுங்க, எங்க ஏரியா ஆளுங்க, ஒரு பேராசிரியர்கூட இருந்தார், ஜோதிமுத்துன்னு. மொதல்ல தொண்ணுத்தொம்பதுல நின்னுச்சு. நூறு ஆகட்டும்னு என் வீட்டுக்காரியையும் சேர்த்துவிட்டேன்.

எவ்வளவு வேலை தெரியுமா? வாரம் பூரா தேடணும். என்கிட்ட இன்னைய தேதிக்குப் பதினோராயிரத்து நானூறு கட்டுரை சேர்ந்திருக்கு. சும்மா இல்ல, எல்லாம் பிரிச்சு வச்சிருக்கேன். 'படிக்க வேண்டியவை'ன்னு ஒரு ஃபோல்டர். 'நிதானமாகப் படிக்க வேண்டியவை'ன்னு ஒண்ணு. 'ஓய்வு கிடைத்ததும்'னு ஒண்ணு. அதுலதான் ரொம்ப இருக்கு.

எல்லாத்தையும் படிப்பீங்களான்னா கேக்கறீங்க? இதே கேள்வியைத்தான் சார் அந்த தேவசகாயமும் கேட்டான். தபால்காரர் லெட்டரையெல்லாம் பிரிச்சுப் படிச்சிட்டா கொடுக்கறார்? தலைப்பைப் பாப்பேன். மொத பாராவைப் பாப்பேன். எழுதினவரோட மூஞ்சியைப் பாப்பேன், போட்டோ போட்டிருப்பாங்க. முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ் போட்டவனுக்கு அது போதும்.

தேவசகாயம் யாருன்னு சொல்லலையே. என்கூட வேலை பாத்தவன். எல்லாத்துலயும் ஓட்டை கண்டுபிடிக்கிறவன். சர்வீஸ்ல இருந்தப்பவும் அப்படித்தான், என் நோட்ல கமா விட்டுப்போச்சுன்னு மேலதிகாரிகிட்ட போய் நிப்பான்.

ஆமா, அது திருமங்கலம்தான். இன்னும் தூரம் இருக்கு.

ஒரு விஷயம் சொல்லணும், அப்பத்தான் மத்தது புரியும். நான் அந்த லிங்க்கையெல்லாம் அப்படியே போட மாட்டேன். நீளமான லிங்க்கைச் சுருக்கிக் கொடுக்கிற ஒரு தளம் இருக்கு. அதுல போட்டா இன்னொரு வசதி, எத்தனை பேர் தொட்டுத் திறந்தாங்க, எந்த ஊர்ல இருந்து திறந்தாங்கன்னு காட்டிடும். யாரு என்னன்னு பேர் காட்டாது. ஊரும் எண்ணிக்கையும் மட்டும்தான். நான் தொட்டா கணக்கு கெட்டுப்போகும்னு நானே அதைத் தொடறதில்லை.

மொத லிங்க்கை பதினஞ்சு பேர் திறப்பாங்க. ரெண்டாவதை ஒம்போது பேர். நாலாவதுக்கு வரும்போது மூணு. அஞ்சாவதுல இருந்து ஒண்ணு. ஏழாவதுலயும் அந்த ஒண்ணு இருக்கும். சென்னை, ஒண்ணு. வாராவாரம் சார், ஆறு வருஷம், மழையோ வெயிலோ, தீபாவளியோ பொங்கலோ, ஏழையும் ஒருத்தர் திறக்கறார். மிச்ச இருநூறு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிடுவாங்க. வெக்கம் கெட்டவங்க. அந்த ஒருத்தர் ஜோதிமுத்துதான்னு நான் முடிவு பண்ணிட்டேன். படிச்ச மனுஷன், வேற யாரா இருக்க முடியும்? அவரை வழியில பாத்தா தலையாட்டிச் சிரிப்பேன், அவரும் சிரிப்பார். எங்களுக்குள்ள ஒரு புரிதல்.

வீட்டுலயா? வீட்டுல எதைப் பேச. அவ பேரு சண்முகவடிவு. நல்லவதான், குறை சொல்லக் கூடாது. ஆனா நமக்கும் அவளுக்கும் பேச்சுன்னு ஒண்ணு ஓடாது. அந்தக் காலத்துல பி.எஸ்சி. விலங்கியல், பாளையங்கோட்டையில படிச்சா. அதெல்லாம் கல்யாணத்தோட போச்சு. ஞாயித்துக்கிழமை காலையில சமையல் மேடையில துவரம்பருப்பு டப்பா மேல போனைச் சாய்ச்சு வச்சுப்பா. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு நிப்பா. சீரியல். எனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு சத்தத்தை அறவே குறைச்சு வச்சிருப்பா, அந்த விதத்துல நல்ல குணம்.

அப்புறம் சாப்பிடும்போது ஏதாவது கேப்பா. ஒருநாள், 'ஏங்க, ஆக்டோபஸுக்கு மூளை பாதிக்கு மேல கையிலதான் இருக்காமே, அப்ப ஒரு கை என்ன பண்ணுதுன்னு இன்னொரு கைக்குத் தெரியுமா?'ன்னு கேட்டா. நான் எலுமிச்சை ஊறுகாயைக் கேட்டுக்கிட்டிருக்கேன், இவ ஆக்டோபஸைப் பத்திப் பேசறா. இன்னொரு நாள் வட்டி விகிதத்தை ஏத்தினா வெங்காயம் எப்படி விலை குறையும், அது மழையால ஏறினதுதானேன்னா. உனக்கு எதுக்கு இந்த வம்பெல்லாம்னு சொன்னேன். இதையெல்லாம் எந்த சீரியல்ல காட்டறாங்களோ.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மார்ச் பத்தாந் தேதி, ஞாயிறு. அன்னைக்கு அஞ்சாவதா ஒரு கட்டுரை போட்டேன். மனசைப் பத்தினது. பிரமாதமான தலைப்பு. படிக்கிற விஷயங்களைச் சேர்த்து வச்சாலே போதும், படிக்காட்டியும் மூளை வளருதுன்னு ஒரு ஆராய்ச்சி. வடக்கு ஐரோப்பாவுல ஒரு பல்கலைக்கழகம், நாலாயிரம் பேரை வச்சுப் பரிசோதனை பண்ணியிருக்காங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. கீழ எழுதினேன், 'முழுவதும் படித்தேன். இரண்டு முறை. ஒவ்வொரு வரியும் உண்மை' அப்படின்னு.

ஆறு மணிக்கு அனுப்பினேன். ஏழு மணி இருக்கும், நான் பேப்பர் பாத்துக்கிட்டிருக்கேன், வடிவு வந்து நிக்கறா. கையில கரண்டி. 'ஏங்க, அந்த அஞ்சாவதை அழிச்சிடுங்க. அது பொய்யாம், கடைசியில கட்டுரை எழுதினவரே சொல்லியிருக்கார். இன்னும் யாரும் பாத்திருக்க மாட்டாங்க, இப்பவே எடுத்துட்டா ஒண்ணும் தெரியாது'ங்கறா. எனக்கு எவ்வளவு கோவம் வந்துச்சு தெரியுமா சார். ஆறு வருஷம் நான் பண்ற வேலை. நேத்து ரசத்துல உப்பு இல்ல, அதைப் போய்ப் பாருன்னு சொல்லிட்டேன். அவ கரண்டியோட உள்ள போயிட்டா.

பத்து மணிக்கு தேவசகாயம் ஒரு படம் போட்டான் குரூப்புல. அந்தக் கட்டுரையோட பதினாலாவது பாராவைப் படம் பிடிச்சிருக்கான். என்ன எழுதியிருக்குன்னா, 'இதுவரை சொன்னதெல்லாம் என் கற்பனை. அப்படி ஒரு ஆராய்ச்சியும் இல்லை, அப்படி ஒரு பல்கலைக்கழகமும் இல்லை. படிக்காமலே பிறருக்கு அனுப்புகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள எழுதினேன்.' அதுக்குக் கீழ தேவசகாயம் ஒரே ஒரு வரி. 'ரெண்டு தடவை படிச்சீங்களா சிதம்பரம்?'

சிரிச்சாங்க சார். ஒரு கட்டுரையைத் திறந்து பாக்காத பயலுக எல்லாம் சிரிச்சாங்க. கண்ணுல தண்ணி வர்ற மாதிரி பொம்மை போடுவாங்களே, அது வரிசையா வருது. நிக்கவே இல்ல. அவமானம்னா அப்படி ஒரு அவமானம்.

ஏதாவது சொல்லியாகணும் இல்லையா? ஒரு சின்ன விளக்கம் கொடுத்தேன். 'நான் அந்தக் கட்டுரையை நிராகரித்து ஒதுக்கி வைத்திருந்தேன். என் மனைவி விவரம் தெரியாமல் என் போனைத் தொட்டதில் அது சென்றுவிட்டது. வருந்துகிறேன்.' அவ்வளவுதான். சமாளிக்கிறதுக்கு எல்லாரும் சொல்றதுதானே. அவ பேரைக்கூடப் போடலை. யாருக்கு என்ன நஷ்டம்?

ஆமா, அவ குரூப்புல இருக்கத்தான் இருக்கா. இருந்தா? அதைப் பாத்துட்டு அப்படியே மனசொடிஞ்சு போகப் போறாளா?

நாலு நாள் கழிச்சு கோவில்பட்டிக்குக் கெளம்பிட்டா. அவ அக்கா கோமதி அங்க இருக்காங்க, மூட்டு ஆபரேஷன் ஆச்சு, கூட இருந்து பாத்துக்கணும்னா. ஆபரேஷன் போன வருஷம் தீபாவளிக்கே முடிஞ்சாச்சு, இப்ப என்ன பாத்துக்கறதுன்னு எனக்கும் தோணுச்சு. பொம்பளைங்க விஷயம், நாம எதுக்குக் கேக்கணும். வாசல்ல பெட்டியை வச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? 'இனிமே உங்க போனை நான் தொட மாட்டேன். பயப்படாம இருங்க.' நல்லதுதான்னு நெனைச்சேன்.

விருதுநகர்ல இறங்கி ஒரு டீ குடிக்கலாமா? வேண்டாம், டிரைவர் நிக்க மாட்டார் போல.

அப்புறம் ஒவ்வொருத்தரா குரூப்பை விட்டு வெளியேறிட்டாங்க. தேவசகாயம் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுட்டான், எல்லாரும் அங்க போய் விழுந்துட்டாங்க. இப்ப என்கிட்ட அறுபத்தியொரு பேர், அதுலயும் பாதிப் பேர் வெளியேற மறந்துபோனவங்க. ஜோதிமுத்துவை மார்க்கெட்ல பாத்தேன். சார், நீங்களாவது படிக்கறீங்களேன்னேன். அந்த ஆள் என்ன சொன்னார் தெரியுமா? 'நான் ஒண்ணுகூட திறந்ததில்லையே சிதம்பரம், காலையில கட்டைவிரல் மட்டும் போடுவேன், நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு.' பேராசிரியராம். இவர்கிட்டப் படிச்ச புள்ளைங்க கதி என்ன ஆச்சோ.

சரி, நிறுத்திடலாம்னு முடிவு பண்ணேன். மார்ச் பதினேழு, கடைசியா ஒரு வாரம் அனுப்பிட்டு மூடிடலாம்னு. சாயங்காலம் எண்ணிக்கையைப் பாக்கறேன். சென்னை பூஜ்யம். ஆறு வருஷமா இருந்த அந்த ஒரு ஆளும் போயிட்டார். உக்காந்து அழலாம் போல இருந்துச்சு சார், உள்ளதைச் சொல்றேன். அப்புறம்தான் கீழ பாத்தேன். கோவில்பட்டி, ஒண்ணு. மொத லிங்க், கோவில்பட்டி ஒண்ணு. ரெண்டாவது, கோவில்பட்டி ஒண்ணு. ஏழு வரைக்கும்.

புரியுதா? ஒரு வாசகர் போறார், அதே வாரம் இன்னொரு வாசகர் வர்றார். அதுக்கப்புறம் மூணு மாசம், ஒரு வாரம் தவறலை. இப்ப என்னைப் படிக்கிறது இந்த உலகத்துலயே அவர் ஒருத்தர்தான். அந்த ஒண்ணும் பூஜ்யமாச்சுன்னா நான் போனைத் தூக்கிக் கிணத்துல போட்டுட்டு உக்காந்துக்குவேன். வேற எனக்கு என்ன இருக்கு சொல்லுங்க. ஹோட்டல் சாப்பாடு, காலி வீடு, பதினோராயிரம் கட்டுரை.

யாரா இருக்கும்னு ரொம்ப யோசிச்சேன். காலேஜ் ஆசிரியரா இருக்கலாம். தீப்பெட்டி கம்பெனி முதலாளி யாராவது, வசதியா உக்காந்து படிக்கிறவரா இருக்கலாம். டாக்டராக்கூட இருக்கலாம். எப்படியும் பாத்துடணும்னு கெளம்பிட்டேன். நேத்து மதுரை வரைக்கும் ரயில், ராத்தங்கல். இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு லாட்ஜ்ல இருந்தே ஏழையும் அனுப்பினேன். ஆனா இந்த வாரம் ஊறுகாய் இல்ல. ஏழாவது லிங்க்ல நானே ஒரு கடிதம் எழுதி வச்சேன். கடைசி வரைக்கும் போறவர் மட்டும்தானே அதைப் பாப்பார்? எப்படி யோசனை?

படிக்கறேன், கேளுங்க. 'அன்புள்ள கோவில்பட்டி வாசகருக்கு. நான் அனுப்புவதை முழுவதும் படிப்பவர் இன்று நீங்கள் ஒருவர்தான். உங்களைப் பார்க்க வேண்டும். இன்று மாலை நான்கு மணிக்கு உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன். வாசலில் உள்ள கடலைமிட்டாய்க் கடைப் பக்கம் நிற்பீர்களா? என் கையில் பச்சைப் பை இருக்கும். உங்களைப் போல ஒருவர் என் வீட்டில் இருந்திருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி போயிருக்கும்.'

கடைசி வரி எப்படி? நாலு தடவை மாத்தி எழுதினேன். ஒம்போது மணிக்குப் பாத்தேன், ஏழாவதும் திறந்தாச்சு. கோவில்பட்டி, ஒண்ணு. கண்டிப்பா வந்து நிப்பார்.

வடிவையும் ஒரு எட்டு பாத்துட்டுத்தான் போகணும், அதே ஊர்ல இருந்துக்கிட்டுப் பாக்காமப் போனா நல்லா இருக்காது. நேரம் இருந்தாப் போவேன். அவகிட்ட வர்றேன்னு சொல்லலை. போன் பண்ணா கோமதி அக்காதான் எடுக்கறாங்க, அவ வேலையா இருக்கா மாப்பிள்ளைன்னு வச்சிடறாங்க. மூணு மாசமா அப்படி என்ன வேலையோ.

என்ன கேட்டீங்க? அவ எந்தத் தேதியில ஊருக்கு வந்தான்னா? அதான் சொன்னேனே, நாலு நாள் கழிச்சுன்னு. மார்ச் பதினாலு, வியாழக்கிழமை. ஏன்?

ஓகோ. நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுது. சார், நீங்க தர்பூசணி பாக்கறவர், உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல நடந்தா ஒண்ணுனால இன்னொண்ணு நடந்துச்சுன்னு அர்த்தமில்ல. பொருளாதாரத்துல அதுதான் அரிச்சுவடி. அதைப் பத்தியே நான் நாலு கட்டுரை அனுப்பியிருக்கேன். கோவில்பட்டியில எத்தனை ஆயிரம் பேர் இருக்காங்க. அவ்வளவு பேர்ல என் வீட்டுக்காரிதானா உங்களுக்குக் கெடைச்சா? துவரம்பருப்பு டப்பாவுல போனைச் சாய்ச்சு வச்சு சீரியல் பாக்கறவ சார் அவ.

சாத்தூர் தாண்டியாச்சா? இன்னும் அரை மணி நேரம்தான்.

என்ன, மறுபடியும் போனை எடுத்துட்டீங்க? கோவமா? சும்மா சொன்னேன். அந்த ஆக்டோபஸ் கேள்வியை நெனைச்சுக்கிட்டிருந்தேன் நான். அது சரியான கேள்விதான் இல்ல? ஒரு கை என்ன பண்ணுதுன்னு இன்னொரு கைக்குத் தெரியுமான்னு. கட்டுரையில பதில் இருந்திருக்கும். நான் பாக்கலை. ஓய்வு கிடைத்ததும்ல போட்டு வச்சிருக்கேன்.

இதோ, பஸ் ஸ்டாண்ட் வந்தாச்சு. மணி மூணு அம்பத்தஞ்சு. அந்தப் பச்சைப் பையை எடுத்துக் கொடுங்க. சட்டை கசங்கலையே? தலை சரியா இருக்கா? கடை அந்தப் பக்கம்தானே? கொஞ்சம் குனியுங்க, ஜன்னல் வழியாப் பாக்கறேன். ஒரு டாக்டர் மாதிரியோ ஆசிரியர் மாதிரியோ யாராவது நிக்கறாங்களா பாருங்க. கடைக்காரர் இருக்கார். ஒரு பொம்பளை நிக்கறா, குடையோட.

வடிவு மாதிரி இருக்கு. வடிவுதான். இவ எதுக்கு இங்க வந்து நிக்கறா? நான் வர்றது அவளுக்குத் தெரியாதே. யாரையாவது பஸ் ஏத்திவிட வந்திருப்பா. கோமதி அக்கா பேரன் யாராவது. மணியைப் பாக்கறா பாருங்க. ஒவ்வொரு பஸ்ஸா பாக்கறா, இறங்கறவங்க மூஞ்சியை விட்டுட்டுக் கையைப் பாக்கறா.

வேற யாரும் வரலையே சார். கடைப்பக்கம் வேற ஆளே இல்லையே.

நீங்க இறங்குங்க. இல்ல, இருங்க. கொஞ்சம் இருங்க. அழிச்சிடுங்கன்னு சொன்னா சார் அன்னைக்கு. யாருக்கும் தெரியாதுன்னு சொன்னா. நான் இருநூத்திப் பதினாலு பேர் முன்னால அவளை விவரம் தெரியாதவள்னு எழுதினேன். எழுதினதை அவளும் படிச்சா. அதுக்கப்புறமும் வாரம் தவறாம ஏழையும் படிச்சிருக்கா.

ஏழாவதுல கடைசி வரி என்ன எழுதினேன்னு உங்களுக்குப் படிச்சுக் காட்டினேன்ல? நாலு தடவை மாத்தி மாத்தி எழுதினது. உங்களைப் போல ஒருவர் என் வீட்டில் இருந்திருந்தால்னு.

அதையும் படிச்சிட்டுத்தான் சார் வந்து நிக்கறா.